முன்சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்று என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதுகுவலி இருக்கிறது. இடது கையில் மடங்காத விரல் ஒன்று இருக்கிறது. கிள்ளானிலிருந்து செராஸ் வரை எந்தச் சாலை எந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும் என்பது தெரியும்; அதையும் இப்போது உங்கள் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. ஆகவே என்னால் உங்களுக்கு ஆகக்கூடிய நன்மை கொஞ்சம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

நம் வேலை வெளியாருக்கு எளிதாகத்தான் தெரியும். வழியில் வண்டி நின்றுபோனவர் போன் செய்கிறார். நாம் வேனில் புது பேட்டரியை ஏற்றிக்கொண்டு அவர் இருக்கும் இடத்துக்கே போய் மாற்றிக் கொடுக்கிறோம். அவ்வளவுதான். கிள்ளானில் ஒரு பட்டறையில் வயர்மேனாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வயரிங் வேலையைவிட இது சுகம், கழற்றி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று. சுகத்தை என் முதுகிடம் கேளுங்கள்.

எந்த வண்டியில் பேட்டரியை எப்படிக் கழற்றுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு வீடியோ இருக்கிறது, என்னைவிட நன்றாகவே காட்டுகிறார்கள். ஆனால் வெயிலில் தரையில் படுத்து, கை ஓர் ஓட்டைக்குள் மாட்டியிருக்க, பின்னால் ஹார்ன் அடிக்க, கட்டுப்பாட்டு அறையிலிருந்து அடுத்த வேலைக்குப் போன் வந்துகொண்டிருக்க, அந்த நேரத்தில் என்ன முடிவெடுப்பது என்பது எந்த வீடியோவிலும் வராது. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அதற்கு முன்னால் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெயரும் தெரியாது. கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவர், மலாய்க்காரர், குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிட இளையவர். ஒவ்வொரு வேலையிலும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார். “அபாங், சியாப்பா டாலாம்?” அண்ணே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னதும், பேட்டரி என்ன அளவு, வண்டி என்ன மாடல் என்று எதுவும் கேட்கமாட்டார். உள்ளே யார்?

ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே யார் இருந்தால் எனக்கென்ன? “உள்ளே பேட்டரி இருக்கிறது” என்று ஒருமுறை நக்கலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பதில் வரும் வரை போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வேறு வழியில்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாயும் கைக்குழந்தையும் என்றேன். “அப்படியானால் முதலில் அவர்களை நிழலுக்கு அனுப்புங்கள்” என்றார். அதற்குப் பிறகு நான் நக்கலை விட்டுவிட்டேன். இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று ஒருவர் இருந்தால் அந்தக் குரல்தான்.

இனி சம்பவத்துக்கு வருகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும், அது என்ன கொடுமை என்று. “பேட்டரி போய்விட்டது, பெரிய வண்டி” என்று மட்டும்தான் தகவல் வந்திருந்தது. பெரிய கார் என்று நினைத்துக்கொண்டு போனால், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரோட்டில், பூக்கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மோட்டார்ஹோம் நிற்கிறது. கட்டில், அடுப்பு, ஐஸ்பெட்டி எல்லாம் உள்ளேயே வைத்த வீட்டு வண்டி. ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகின்றன. பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடிக்கிறது. எனக்கு அங்கேயே களைப்பு வந்துவிட்டது.

வண்டிக்காரர் பெயர் பிரபாகர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், கோவில்பட்டிப் பக்கம், செராஸில் குடியிருக்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். காரணம் அவருடைய அம்மா. அந்த அம்மாள் மகனோடு இருக்க வந்தவர். நுரையீரல் பழுது. மூக்கில் குழாய், அதன் மறுமுனையில் ஆக்சிஜன் கொடுக்கும் ஒரு மிஷின், அதற்குக் கரண்ட் வேண்டும். சாதாரணக் காரில் அந்த மிஷினோடு வெகுதூரம் போக முடியாது என்று இந்த வண்டியை வாங்கியிருக்கிறார்.

அன்று காலையில் இருவரும் பத்துமலைக்குப் போயிருக்கிறார்கள். அம்மாவால் படியேற முடியாது. கீழே வண்டியில் இருந்தபடி, முன்கண்ணாடி வழியாகவே முருகனைக் கும்பிட்டிருக்கிறார். பிறகு பிரிக்பீல்ட்ஸில் சாப்பாடு. அடுத்து காப்பாரில் கடலோரமாக இருக்கும் நண்பர் வீடு. அது திட்டம். சாப்பாட்டு நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு மிஷினும் மின்விசிறியும் ஐஸ்பெட்டியும் ஓடிக்கொண்டிருந்ததில், வீட்டுக் கரண்டுக்கான தனி பேட்டரி படுத்துவிட்டது. எஞ்சினுக்கு வேறு பேட்டரி இருந்ததால் வண்டி ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் ஓடும்வரை மிஷினுக்குக் கொஞ்சம் கரண்ட் கிடைத்தது. ஆனால் உள்ளே கெட்டுப்போன பேட்டரி அதையும் உறிஞ்சிக்கொண்டது. நான் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மிஷின் ‘பீப் பீப்’ என்று கத்தி நின்று மறுபடி ஓடியது. ஒவ்வொரு தடவை அது கத்தும்போதும் பிரபாகரின் முகம் மாறியது.

“மிஷினுக்குள்ள சொந்தமா பேட்டரி இல்லியா?” என்று கேட்டேன்.

“இருக்கு சார். கடைசிக் கோட்டுல நிக்குது. ராத்திரி சார்ஜ் போட்டேன்னு நெனச்சேன், பிளக் சரியா உக்காரல போல.”

“சரி, வீட்டு பேட்டரி எங்க இருக்கு?”

அவர் கையைக் காட்டினார். முன்னால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில். அந்த சீட்டில்தான் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, நெற்றியில் பத்துமலை விபூதியோடு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். சீட்டின் அடிப்பாகம் இரும்புப் பெட்டி. அதற்குள் பேட்டரி. முன்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு வழி. பாசிட்டிவ் முனை கைக்கு எட்டும். நெகட்டிவ் முனை உள்மூலையில். பாசிட்டிவைக் கழற்றிப் பேட்டரியை முன்னால் இழுத்தால்தான் அதைத் தொடவே முடியும். முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பேனர் வண்டி இரும்பில் பட்டதும் பொறி பறக்கும் என்பது உங்களுக்கெல்லாம் மனப்பாடம். இந்த வண்டியைக் கட்டியவருக்கு அது மனப்பாடம் இல்லை. வண்டி கட்டுகிறவர்களில் பலர், இதை ஒருநாள் எவனாவது கழற்ற வேண்டிவருமே என்று நினைப்பதே கிடையாது.

அந்தச் சமயத்தில் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை. அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார், எவ்வளவு நேரம் ஆகும்? நான் சிடுசிடுவென்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டார்.

“அபாங், உள்ளே யார்?”

“ஒரு அம்மா. மூக்கில் குழாய். ஆக்சிஜன்.”

 “முதலில் அவரை இறக்குங்கள். மற்ற வேலைகளை நான் வேறு ஆட்களுக்குக் கொடுக்கிறேன். அவர் இறங்கும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்” என்றார்.

சொல்வது சுலபம். அந்த அம்மாள் இறங்கமாட்டேன் என்றுவிட்டார்.

பூக்கடைக்கார அக்கா, வண்டி தன் கடையை அடைத்துக்கொண்டிருக்கிற எரிச்சலையும் மீறி, “ஆன்டிய இங்க கொண்டாந்து உக்கார வைங்கண்ணே. ஃபேன் இருக்கு, பிளக் இருக்கு. மிஷின இங்க குத்திக்கலாம் லா” என்று சொன்னார். எனக்குப் பெரிய நிம்மதி. சுவரிலிருந்து வரும் கரண்ட் கிடைத்தால் மிஷின் பயமில்லாமல் ஓடும். அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“நான் எறங்க மாட்டேன்யா. நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாரு” என்றார்.

“நீங்க உக்காந்திருக்கிற சீட்டுக்குக் கீழதாம்மா என் வேலையே.”

“அப்போ அப்புறமா பாத்துக்கலாம்.”

பிரபாகர் நடுவில் வந்து, “அம்மா, எறங்க முடியலைன்னா பின்னாடி கட்டில்ல போய் படுத்துக்கோயேன். முன்னாடி எதுக்கு இடுக்கிக்கிட்டு?” என்றார். அந்த அம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னார்.

“எங்க வீட்டுக்காரர் காரு வச்சிருந்தாருய்யா. அவரு தம்பி முன்னாடி, நான் புள்ளைங்களோட பின்னாடி. அவரு போனதுக்கப்புறம் இவன் காரு வாங்குனான். இவன் பொஞ்சாதி முன்னாடி, நான் பின்னாடி. தப்பு சொல்லல, மொறை அப்படி. இன்னைக்கு மருமவ வேலைக்குப் போயிட்டா. இன்னைக்குத்தான்யா ரோட்ட நேரா பாத்துக்கிட்டு வாரேன். எறங்கினா, நோயாளி பின்னாடி படுன்னு இவன் மறுபடி முன்னாடி ஏத்த மாட்டான். எனக்குத் தெரியும்.”

பிரபாகர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிலிருந்தே அம்மா சொன்னது நிஜம் என்று தெரிந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்கிறேன். என் மனைவி இத்தனை வருஷமும் என் வேனில் எங்கே உட்கார்ந்தாள் என்று யோசித்தேன். முன்னால்தான் உட்கார்ந்தாள், வேனில் வேறு சீட்டே கிடையாது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

மிஷின் மறுபடி கத்தியது. இந்தத் தடவை ஓட ஆரம்பிக்கக் கொஞ்சம் தாமதமானது.

“அம்மா, என்னைப் பாருங்க” என்றேன். “வேல முடிஞ்சதும் நீங்க இதே சீட்டுலதான் உக்காந்து காப்பாருக்குப் போவீங்க. நான் சொல்றேன். நீங்க ஏறுற வரைக்கும் நான் இங்கேருந்து போகமாட்டேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

அப்படி வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது நம் தொழிலில் எழுதாத விதி. பேட்டரியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் யாருக்கும் எதையும் சொல்லாதீர்கள். ஆனால் அன்று சொன்னேன். சொன்னதால்தான் அவர் இறங்கினார். மகன் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, நான் மிஷினைத் தூக்கிக்கொள்ள, பூக்கடை வாசலுக்கு நாலைந்து எட்டு நடப்பதற்குள் அவர் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து, மிஷினைச் சுவரில் குத்தி, அது சீராக ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. சால்வை சீட்டிலேயே கிடந்தது.

எஞ்சினை நிறுத்தினோம். “மெயின் சுவிட்ச் எங்க தம்பி?” என்று கேட்டேன். பின்பக்கம் கட்டிலுக்குக் கீழே என்றார். அந்த சுவிட்ச் நெகட்டிவ் வழியை அறுப்பது. அதை அணைத்துவிட்டால், நான் எட்டாத மூலையில் இருக்கும் நெகட்டிவைக் கழற்றியது மாதிரிதான். பாசிட்டிவைத் தைரியமாகத் தொடலாம். நான் அவரைக் கட்டில் பக்கம் போகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் படுத்தேன். கால்கள் ரோட்டில், தலை வண்டிக்குள், வலது கை இரும்புப் பெட்டிக்குள். அந்த நிலையில் ஒருமுறை படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. இந்த வயதில் வந்து படுத்துப் பாருங்கள், தெரியும்.

படுத்தபடியே கத்திக் கேட்டேன். “தம்பி, மெயின் சுவிட்ச் மாத்தியா?”

பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. “மாத்தியாச்சுண்ணே, மாத்தியாச்சு!”

நான் ஸ்பேனரை வைத்துத் திருகினேன். அதன் மறுமுனை சீட்டின் இரும்பில் பட்டது.

பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். கண் முன்னால் நீல வெளிச்சம். கை தானாகவே வெளியே வந்துவிட்டது, முழங்கையில் தோல் உரிந்துகொண்டு. ஸ்பேனரின் நுனியைக் காணோம், உருகிப் போயிருந்தது. பொறி மேலே பறந்து, சீட்டில் கிடந்த சால்வையின் ஓரத்தில் விழுந்தது. அந்த ஓரம் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குபுகுபுவென்று ஓடியது. காலையிலிருந்து ஆக்சிஜன் குழாய் அதன் மேல் கிடந்ததாலா, வெறும் நைலான் என்பதாலா, எனக்குத் தெரியாது. அவ்வளவு வேகமாக ஒரு துணி எரிந்து நான் பார்த்ததில்லை. இழுத்து ரோட்டில் போட்டு மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன். அணைந்த பிறகும் மிதித்தேன்.

பூக்கடையிலிருந்து குரல் வந்தது. “என்னய்யா, என் சால்வையப் போட்டு மிதிக்கிறே?”

  அந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது காலியாக இருந்தது.

பிரபாகர் பின்னாலிருந்து ஓடி வந்தார். நான் அவரைக் கண்டபடி திட்டினேன், இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. “மாத்தின்னு சொன்னியே தம்பி! சுவிட்ச் மாத்தின்னு சொன்னியே!”

“மாத்துனேண்ணே! சத்தியமா மாத்துனேன். பழசு லூசா இருந்துச்சு, போன மாசம்தான் புதுசு வாங்கிப் போட்டேன்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் விளங்கிக்கொண்டது பூக்கடை அக்காதான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ அண்ணே! நீங்க கேட்டது மலாய் மாத்தி. அவரு சொன்னது தமிழ் மாத்தி லா!” என்றார்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் இருப்பதால் எழுதுகிறேன். மலாயில் மாத்தி என்றால் செத்தது, அணைந்தது. எஞ்சின் மாத்தி, லைட் மாத்தி, பேட்டரி மாத்தி. பட்டறையில் நாங்கள் தமிழ் பேசும்போதும் அந்தச் சொல்தான். அணைத்தாயா என்று எந்த வயர்மேனும் கேட்கமாட்டான், ‘மாத்தியா?’ என்றுதான் கேட்பான். அது மலாய்ச் சொல் என்கிற நினைப்பே எனக்கு அன்றுவரை வந்ததில்லை. என் வாயில் அது தமிழ்தான். பிரபாகரின் காதிலும் அது தமிழ்தான், வேறு தமிழ். நான் அணைந்ததா என்று கேட்டேன். அவர் மாற்றியாகிவிட்டது என்று சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினோம்.

“இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ‘போலே’, ‘தாப்பாவ்’, இது ரெண்டும்தாண்ணே எனக்குத் தெரிஞ்ச மலாய்” என்றார் பிரபாகர், அழுகிற குரலில். ‘முடியும்’ என்பது ஒன்று, ‘பார்சல்’ என்பது இன்னொன்று. அவற்றை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு நாட்டில் காலம் தள்ளியிருக்கிறார். எனக்குக் கோபம் போய்விட்டது.

பிறகு நானே பின்னால் போய், என் கையால் சுவிட்சை அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஒரு சால்வை மிஞ்சியிருக்கும். பழைய பேட்டரி வெளியே வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், என் விரல் மடங்காததற்குக் காரணம் அதுதான்.

சம்பவம் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். எனக்குக் கஷ்டமான இடம் இனிமேல்தான்.

என் வேனில் இருந்தது சாதாரண ஆசிட் பேட்டரி. அளவு சரி, சக்தியும் சரி. ஆனால் அது சார்ஜ் ஏறும்போது வாயு விடும். அந்த வாயு பொறி பட்டால் பிடிக்கும். அந்த இரும்புப் பெட்டிக்கு வாயுவை வெளியே விடும் குழாய் இல்லை, யாரோ பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே மூக்கில் ஆக்சிஜனோடு ஒரு மனுஷி உட்கார வேண்டும். அப்படி ஒரு பேட்டரியைப் போட்டால் அந்த சீட்டில் அவர் உட்காரக்கூடாது. மூடிய வகை பேட்டரி போட்டு, வாயுக் குழாயையும் வைத்தால் உட்காரலாம். அந்த வகை எங்கள் கிள்ளான் கிடங்கில்தான் இருந்தது. அந்த நேரத்து ஜாமில் அது வந்து சேர வெகுநேரமாகும்.

பிரபாகரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “இருக்கிறதையே போட்டுடுங்கண்ணே. அம்மாவ நான் பின்னாடி படுக்க வச்சுக்கிறேன். இவ்வளவு நடந்ததுக்கப்புறம் அவங்கள முன்னாடி உக்கார வைக்க எனக்குத் தைரியமில்ல.”

நியாயமான பேச்சு. மகன் சொல்கிறார், வாடிக்கையாளரே ஒப்புக்கொள்கிறார், பேட்டரி கையில் இருக்கிறது, எனக்கு இடுப்பு கழன்றுபோயிருக்கிறது. போட்டுவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் என்னைக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். நான் பூக்கடைப் பக்கம் பார்த்தேன். அந்த அம்மாள் அக்காவின் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “என்னம்மா, இப்படி எட்ட எட்டக் கட்டினா கோயிலுக்குப் போறதுக்குள்ள பாதி உதிர்ந்துடுமே” என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கண் எங்கள் மேல்தான் இருந்தது. எங்கள் பேச்சு கேட்கவில்லை என்றாலும் என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில் அந்தப் பேச்சை நிறையத் தடவை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். அதே குரல். நடந்ததைச் சொன்னேன், மூடிய பேட்டரி வேண்டும் என்றேன். காரணத்தைக் கேட்பார், எழுதிக்கொள்வார், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்த அம்மா இப்போது எங்கே?”

“பூக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்.”

“நல்லது. பேட்டரி வரும், அபாங். நீங்களும் உட்காருங்கள்” என்றார்.

எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். உட்காருங்கள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

உட்கார்ந்தேன். பூக்கடை அக்கா காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். அந்த அம்மாளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நீங்கள் அடம்பிடித்து அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னேன். அவர் கருகிய சால்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்போ, நீ வாக்குக் குடுத்ததாலதான் நான் எறங்குனேன். அதனாலதான் பொழச்சேன்” என்றார். அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. 

பேட்டரி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. போட்டேன், குழாய் வைத்தேன், கை வைத்துத் தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மகன் அம்மாவை முன்சீட்டில் ஏற்றினார். கதவைச் சாத்துவதற்கு முன் அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். “மாத்தியாச்சாய்யா?”

“தமிழ் மாத்திதாம்மா. மாத்தியாச்சு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி காப்பார் பக்கம் போனது. நான் வேனில் ஏறி, ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் ‘மாத்தியா’ என்று கேட்டதில்லை. நானே எழுந்து போய்ப் பார்ப்பேன். எழுந்திருக்க முடியாத அளவுக்கு உடம்பு ஆனபோது வேலையை விட்டேன். நான் ஓய்வு பெற்ற கதை அவ்வளவுதான். விடைபெறும் நாளன்று அந்தக் குரலுக்கு நன்றி சொல்லலாம் என்று போன் செய்தேன். வேறொருவர் எடுத்தார். அந்தப் பெண்மணி முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாராம், எங்கே என்று தெரியாதாம்.

பிரபாகர் மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வார். போன மழைக்காலத்தில் ஒருநாள் செய்தார். அம்மாவுக்கு மூச்சு ரொம்ப மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார் என்றார். நான் போய்ப் பார்க்கலாம் என்றால் உள்ளே விடவில்லை. சில நாள் கழித்து மறுபடி அழைப்பு. லைன் சரியில்லை, கரகரவென்று இருந்தது.

“அண்ணே... அம்மா... மாத்தியாச்சுண்ணே.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தும் என் காது பழைய காதுதான். அந்தச் சொல் உள்ளே போனதும் மலாயாகத்தான் போனது.  போனை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்தக் காலி சீட்டு ஞாபகம் வந்தது.

“தம்பி” என்றேன். “எந்த மாத்தி?”



“ஐயோ, இல்லண்ணே! வார்டு, வார்டு மாத்தியாச்சு! சாதா வார்டுக்கு மாத்திட்டாங்க. இப்போ அங்கேயும் பெட்ட மாத்தச் சொல்லி நர்சோட சண்ட. சுவரப் பாத்துக்கிட்டுப் படுக்க மாட்டாங்களாம், ரோடு தெரியிற ஜன்னல் பக்கம்தான் வேணுமாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. முன்சீட்ட யாருக்கும் குடுத்துட வேணாமாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, குடுக்கமாட்டோம்னு சொல்லு தம்பி என்றேன்.